இறுகாத தொட்டி

மூன்றாம் நாள் காலையிலும் தொட்டிச் சுவரின் தலையில் என் விரல் இறங்கியது. பங்குனி வெயிலில் எங்கள் பக்கம் காலையில் போட்ட காங்கிரீட் சாயங்காலத்துக்குள் கட்டிப்படும். மறுநாள் ஏறி நிற்கலாம். இதுவோ ஊறிப்போன களி மாதிரி நகக்கண் வரைக்கும் வழிவிட்டது. விரலை எடுத்ததும் அந்தக் குழியில் பழுப்புத் தண்ணீர் ஊறி நிறைந்தது. அதன் மேல் பொடி நுரை. முகர்ந்து பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் முகர்ந்தேன். பாச்சை உருண்டை போட்ட பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் யாரோ வெல்லத்தைக் கருக்கியது போல ஒரு வாசனை. அதற்கும் அடியில் ஈரத் தோலின் நாற்றம்.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டு அது போகவில்லை. என் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். கேழ்வரகுக் கஞ்சி ஆரம்பித்திருந்தோம். வழக்கமாக விரலால் சூடு பார்த்து விரலாலேயே ஊட்டுவேன். அன்று ஸ்பூனை எடுத்தேன். அவள் ஸ்பூனைத் துப்பிவிட்டு, என் கையைப் பிடித்து வாய்க்கு இழுத்தாள். நான் கையைப் பறித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அவள் வீறிட்டு அழுதாள். உள்ளேயிருந்து அத்தை, என் கணவரின் அம்மா, கேட்டார், "இன்னாம்மா, கொழந்தைய இன்னா பண்ண?"

அந்தத் தொட்டியே அவளுக்காகத்தான். மாதனூர் பக்கத்தில் எங்கள் ஊரில் போர்த் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீர். பாத்திரம் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழும். தெருக்குழாயில் வாரத்துக்கு ஒரு முறை வரும் நல்ல தண்ணீரைத்தான் எல்லாரும் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்போம். பிளாஸ்டிக் டிரம்மில் நான்காம் நாளே புழு நெளிந்ததைப் பார்த்த பிறகு, பழைய வீட்டின் பின்னால் தரைக்கடியில் ஒரு தொட்டி கட்டலாம் என்று நான்தான் கேட்டேன். என் கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், "சரி, கட்டிடலாம்" என்று ஒரே வார்த்தையில் சம்மதித்தார். அதனால் அது என் தொட்டி ஆனது.

நான் சத்துவாச்சாரியில் பிறந்தவள். தோல் பட்டறை வாசனை எங்கள் தெரு வரைக்கும் வராது. கல்யாணமாகி வந்து மூன்று வருடம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. என் கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இருபது வருடமாக ஒரு பட்டறையின் கெமிக்கல் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். அடுத்த தெருவில் வீடு. தினமும் சாயங்காலம் வந்து அம்மாவிடம் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அரைமணி நேரம் அந்த வாசனை உட்கார்ந்திருக்கும். டீ கொடுக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஒரு நாள் அத்தை அதைக் கவனித்துவிட்டார். "இன்னா, சத்துவாச்சாரி மூக்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த மனிதரின் சம்பளத்தில்தான் என் கணவர் படித்தார். மூக்கைச் சுளிக்க நான் யார்? அன்றிலிருந்து குமட்டலை விழுங்கப் பழகினேன்.

தொட்டித் தரையைப் போட்ட அன்று எந்தப் பிரச்சினையும் இல்லை. சொன்னபடி இறுகியது. சுவருக்குத்தான் மேஸ்திரி கெமிக்கல் வேண்டும் என்றார்.

"சொவரு அஞ்சு இன்ச்சுதான் தங்கச்சி. உள்ள ரெண்டு வரிசை கம்பி. கலவை கெட்டியா இருந்தா கம்பி சந்துல பூராது, தேன்கூடு மாதிரி ஓட்டை வுழும். தண்ணி ஜாஸ்தி ஊத்தினா ஓடும், ஆனா காஞ்சதும் வலு இருக்காது, கசியும். அதுக்குத்தான் கெமிக்கல். தண்ணி கம்மி, ஓட்டம் ஜாஸ்தி."

எனக்கு அது புரிந்தது. நான் பி.எஸ்ஸி. வேதியியல். சிமெண்டுத் துகள்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். இந்த மருந்து ஒவ்வொரு துகளையும் போர்த்திக்கொண்டு ஒன்றை ஒன்று தள்ளவைக்கும். உருண்டைக்குள் மாட்டியிருந்த தண்ணீர் வெளியே வந்து கலவை இளகும். இதை மேஸ்திரியிடம் சொன்னேன். "அத்தான நானும் சொல்றேன்" என்றார் அவர். அளவு மீறினால் அதே போர்வை சிமெண்டை இறுகவிடாது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டீ குடித்துக்கொண்டிருந்த மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அத்த எதுக்குக் கடையில வாங்கறீங்க? எங்க ஸ்டோர்ல இதே சரக்கு கெடக்குது. தோலுக்குள்ள மருந்து பூர்றதுக்கு நாங்களும் இத்தான் போடறோம்."

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. தோலைப் பதப்படுத்தும்போது அதற்குள் நிரப்பப் போடும் சரக்கில் ஒரு வகையும், காங்கிரீட்டில் ஊற்றும் சரக்கில் ஒரு வகையும் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து வருகிறவை. இது எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியும். மேஸ்திரியும், "ஆமாமா, பேர்ணாம்பட்டுல ஒரு தளத்துக்கு அப்பிடித்தான் ஊத்தினோம்" என்றார்.

மறுநாள் காலை மாமா மொபெட்டின் முன்னால் ஒரு நீலக் கேனை வைத்துக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் இருந்தது. மேஸ்திரி தன் பழைய காலிச் சிவப்புக் கேனை அதன் பக்கத்தில் வைத்தார். "படிச்ச பொண்ணக் கூப்டு" என்றார் அத்தை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு கேனிலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். இரண்டிலும் நாஃப்தலீன் இருந்தது. இரண்டிலும் ஃபார்மால்டிஹைட் இருந்தது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த வீட்டில் என் படிப்பை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான் மாமா" என்றேன்.

"பார்த்தியா!" என்று மாமா மூடியைத் திறந்தார்.

நாற்றம் எழுந்து முகத்தில் அறைந்தது. குழந்தை தும்மினாள். கலவை போட வந்திருந்த சித்தாள் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்ய, இன்னாது இது, செத்த எலிய ஊற வெச்ச மாதிரி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வயிறு வேண்டாம் என்றது. ஆனால் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் வயிறு எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தது? அதன் பேச்சை எப்படி நம்புவது? சீட்டில் எழுதியிருப்பதை நம்பினேன்.

ஒரு மூட்டை சிமெண்டுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. மேஸ்திரி ஒரு பிளாஸ்டிக் சொம்பால் மொண்டு ஊற்றினார். கெட்டியாகக் கிடந்த கலவை கண்ணெதிரே தளர்ந்தது, பளபளத்தது, தானாக நகர்ந்தது. "வெண்ணெ மாதிரி போவுது" என்று மேஸ்திரிக்குச் சந்தோஷம். இன்னும் அரைச் சொம்பு ஊற்றினார்.

"வெண்ணெயா? வயித்தால போற மாதிரி போவுது" என்றார் சித்தாள் அக்கா.

அது உண்மை. பழுப்பும் சாம்பலுமாக, நுரைத்துக்கொண்டு, சுவருக்காக நிறுத்திய இரும்புத் தகடுகளுக்கு நடுவில் அது களக் களக் என்று இறங்கியது. பல் முளைக்கும் நாட்களில் என் குழந்தையின் துணியில் நான் பார்த்த அதே நிறம். அதன் பிறகு என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் இறுகவில்லை. மறுநாள் இறுகவில்லை. மண் குளிர்ச்சி என்றார் மேஸ்திரி. அந்த வெயிலில் மண்ணைத் தொட்டால் கை சுட்டது. சுவரின் தலையில் தேங்கிய பழுப்பு நீர் மேல் அவர் வெறும் சிமெண்டைத் தூவிவிட்டுப் போனார். அது புண்ணுக்குப் பவுடர் போட்டது போல ஆடையாகப் படிந்தது. மூன்றாம் நாள்தான் நான் விரலை விட்டுப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மாமா வந்ததும் கேட்டேன். "அது சீல் ஒடைக்காத கேனா மாமா?"

"சீலா? மிச்சம்மா அது. டிரம்முக்கு அடியில நிக்கறத வடிச்சு ஒரு கேன்ல ஊத்தி வெப்போம். வீணாக்கக் கூடாதுல்ல."

"எந்த டிரம்மு?"

"எல்லா டிரம்மும்தான். எல்லாம் பழுப்பாத்தானே கீது."

அதில் என்ன என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது. ஸ்டோரில் எந்தக் கேனின் சீட்டும் எதையும் குறிப்பதில்லை. காலியான கேன் எது கிடைக்கிறதோ அதில் ஊற்றுவார்கள். அது அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் அங்கே சீட்டைப் படிப்பதில்லை. படித்தது நான் ஒருத்திதான்.

ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "நீதானே படிச்சுப் பார்த்து சரின்னே?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பத்து நாளுக்குள் சுவர் இறுகிவிட்டது. மேஸ்திரி சுத்தியலால் தட்டிக் காட்டினார். டங் என்றது. "லேட்டாப் புடிச்சாலும் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. நீங்கதான் பேஜாராக்கிட்டீங்க தங்கச்சி." தகட்டைப் பிரித்ததும் தெரிந்த சுவர் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நுரை இருந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள். நடுநடுவே பழுப்புத் திட்டு, காய்ந்த சளி போல வழிந்த கோடுகள்.

போர்த் தண்ணீரை நிரப்பி ஊறவிட்டோம். இரண்டாம் நாள் மூடியைத் தூக்கினேன். தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஓரமெல்லாம் நுரை. இறைத்துக் கொட்டினோம். மறுபடி நிரப்பினோம். மறுபடி டிகாஷன், கொஞ்சம் இளசாக. மூன்றாவது தடவை இன்னும் இளசாக. "கழுவக் கழுவப் போய்டும்" என்றார் அத்தை. "போர்த் தண்ணியே மஞ்சாத்தான கீது" என்றார் மேஸ்திரி. அதுவும் சரிதானே என்று எனக்கே தோன்றியது. இரண்டு வெள்ளை வாளி எடுத்து ஒன்றில் போர்த் தண்ணீரும் ஒன்றில் தொட்டித் தண்ணீரும் நிரப்பி வாசலில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரிந்தது. நிழலுக்கு நகர்த்திப் பார்த்தேன். தெரியாதது போலவும் இருந்தது. எனக்கு வேண்டியதைத்தான் நான் பார்க்கிறேனா? என்னுடைய பழைய அருவருப்புக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷமா இது?

அடுத்த நல்ல தண்ணீர் நாளில் தொட்டியில் விடுவதாக முடிவானது. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் அத்தை ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். பார்க்க மாமாவும் வந்திருந்தார். என் கணவர் பஸ்ஸுக்குக் கிளம்பிய சட்டையோடு நின்றார். நான் கடைசியாக இறைத்த தொட்டித் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து வைத்து, அதை அடுப்பில் கொதிக்கவிட்டிருந்தேன். கொதித்ததும் சமையலறை முழுக்க அந்த நாற்றம். பாச்சை உருண்டை, கருகிய வெல்லம், தோல். ஆறவைத்து டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

"அத்தை, தண்ணிய விடாதீங்க. இதக் கொஞ்சம் மோந்து பாருங்க."

அத்தை டம்ளரை வாங்கவில்லை. "எனக்கு ஜலதோஷம்" என்றார்.

"குடு இங்க" என்று மாமா வாங்கினார். வாங்கிய வேகத்தில் அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்குக் குமட்டலில் எச்சில் ஊறியது.

"இன்னா ஆச்சு இப்ப? தண்ணி மாதிரிதான் கீது. கொஞ்சம் வழவழன்னு. அவ்ளோதான்." சிரித்தார். பிறகு, விளையாட்டுக்குத்தான், ஆள்காட்டி விரலை டம்ளரில் தோய்த்து, என் இடுப்பில் இருந்த குழந்தையின் வாய்ப் பக்கம் கொண்டுவந்தார். "இன்னாடா பாப்பா, உங்கம்மா பயந்தாங்குளி—"

அவள் வாயைத் திறந்தாள். எந்த விரல் வந்தாலும் திறக்கும் வயது.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அறைந்தேன் என்றே சொல்ல வேண்டும். டம்ளர் கல்லில் விழுந்து உருண்டது. மூன்று வருடத்தில் நான் அவரைத் தொட்டதே இல்லை. என் கணவர், "ஏய்!" என்றார். அத்தையின் கையிலிருந்து ஓஸ் நழுவி மண்ணில் தண்ணீர் பீய்ச்சியது.

"எம்மேலதான் தப்பு" என்றேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன். சீட்டப் படிச்சேன், உள்ள இன்னா இருக்குன்னு கேக்கல. எவ்ளோ ஊத்தணும்னும் கேக்கல. எனக்கு அப்பவே குமட்டுச்சு. மரியாதைக்காக வாய மூடிட்டேன். இந்தச் சொவர இடிச்சுடுங்க. என் கொழந்த இந்தத் தண்ணியக் குடிக்காது."

தண்ணீர் என் கால் வரைக்கும் ஓடி வந்தது. மாமா தன் விரலைப் பார்த்தார். அதை மூக்கில் வைத்து மெதுவாக இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"நாத்தமாவாம்மா கீது?" என்று கேட்டார். கேலி இல்லை. "எனக்குத் தெரியலியே. எனக்கு எந்த நாத்தமும் ரொம்ப நாளாத் தெரியறதில்ல. எங்க வூட்ல குழம்பு அடிபுடிச்சாலும் அவ சொன்னாத்தான் தெரியும்."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். அத்தைக்கும் அது அன்றுதான் தெரிந்தது போல. "சொல்லவே இல்லியேடா" என்றார்.

"இன்னாத்த சொல்றது?" என்றார் மாமா. பிறகு தம்பியிடம், "இடிச்சுடுடா. கொழந்த சமாச்சாரம்" என்றார்.

"மொதல்ல அந்தக் கொழாய மூடுங்க, இல்ல கொடமாவது எடுத்தாங்க" என்று அத்தை கத்தினார். நாங்கள் மூன்று பேரும் குடத்துக்கு ஓடினோம்.

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் பரிவு வந்து, அருவருப்பு போய்விட்டது என்று எழுத ஆசைதான். பரிவு வந்தது. அருவருப்பு போகவில்லை. அந்த விரல் என் குழந்தையின் உதட்டுக்கு வந்த தூரத்தை நினைத்தால் இன்றைக்கும் முதுகு சிலிர்க்கிறது. அவருடைய மூக்கைத் தின்றது எதுவோ, அதைத்தான் நான் ஒரே குடும்பம் என்று சொல்லித் தொட்டியில் ஊற்றவைத்தேன் என்பதும் கூடவே வருகிறது.

இடிக்க இரண்டு நாள் ஆனது. உடைத்த துண்டுகளை, அடுத்துக் கட்டப்போகும் புதுச் சமையலறையின் தரைக்கடியில் நிரப்பிவிடலாம் என்றார் மேஸ்திரி. வேண்டவே வேண்டாம் என்றேன். கடைசியில் அவை தெருமுனைப் பள்ளத்துக்குப் போயின. மழை பெய்தால் இன்னும் அந்த இடத்தில் பழுப்பாக நுரைக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகிறேன். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் என் நாற்றத்தைக் கொட்டியிருக்கிறேன் என்பதும் தெரிந்துதான் சுற்றிப் போகிறேன்.

இரண்டாவது தடவை சீல் உடைக்காத சிவப்புக் கேனை மாமாவே ஆம்பூரிலிருந்து வாங்கிவந்தார். என்னிடம் நேராக நீட்டி, "நீயே தொறந்து பாரும்மா" என்றார். திறந்தேன். அதே வாசனை. மிக லேசாக, தோல் இல்லாமல், ஆனால் அதே பாச்சை உருண்டை, அதே கருகல். சரியான சரக்குக்கும் அதே நாற்றமா? அப்படியானால் அன்று என் வயிறு சொன்னது எது? கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி காத்திருந்தார்.

கேனில் எழுதியிருந்த அளவைப் படித்து, கழித்துப் போட்டிருந்த குழந்தையின் பால் புட்டியை எடுத்துவந்தேன். அதில்தான் மில்லி கோடு இருந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் நானே அளந்து, கலவைத் தண்ணீரில் ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கினேன்.

"சிமெண்டுக்குப் பால் குடுக்கறியா கண்ணு?" என்றார் சித்தாள் அக்கா. "ஏப்பமும் எடுத்து வுட்டுடு."

கலவை இளகியது, ஓடவில்லை, நகர்ந்தது. சாயங்காலத்துக்குள் என் நகம் அதில் இறங்கவில்லை. பழுப்பேறிய பால் புட்டியை இரண்டு பை போட்டுக் கட்டி எறிந்தேன். ஊறவிட்ட தண்ணீர் முதல் தடவை சுண்ணாம்பாகக் கலங்கியது, பிறகு தெளிந்தது. இரண்டு வெள்ளை வாளிகளும் ஒரே மாதிரி இருந்தன. நல்ல தண்ணீர் வந்த நாளில் தொட்டி நிறைந்தது.

அன்று மாமா டீக்கு வந்தார். நான் தொட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, குழந்தையின் டம்ளரில் ஊற்றி முகர்ந்துகொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்காராமல் சமையலறை வாசலில் நின்றார்.

"இருக்குதாம்மா?"

மறுபடி முகர்ந்தேன். அவர் மேலிருந்து வரும் வாசனைதான் எனக்குத் தெரிந்தது. அதனால் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், காற்றில் நின்று, மூன்றாவது முறை முகர்ந்தேன்.

"இல்ல மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, பாதியைச் சட்டையில் விட்டுக்கொண்டு, மீதியைக் குடித்தாள். நான் அவள் வாயருகே குனிந்து இன்னொரு முறை முகர்ந்தேன்.